அண்ணனுக்கு எட்டாத ஊசி

1

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் நித்யா கையில் ஒரு கேக் பெட்டி. ஒரே ஒரு மெழுகுவத்தியை நட்டு என் முன்னால் வைத்தாள். வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் இல்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, "உங்களுக்குத்தான்பா, ஒரு வயசு" என்றாள்.

பக்கவாதம் வந்து நான் பிழைத்து ஒரு வருடம் ஆகிறது. அவளுடைய தோழி வீட்டில் தாத்தாவுக்கு இப்படித்தான் ஒவ்வொரு வருடமும் செய்கிறார்களாம். பிழைத்த நாளும் பிறந்த நாள்தானே என்பது அவள் வாதம். அதைத் தமிழில் தொடங்கி பாதியில் பிரெஞ்சுக்குத் தாவி முடித்தாள். என் மனைவி கலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஊதினேன், வெட்டினேன், இருவருக்கும் ஊட்டினேன். எல்லாம் வலது கையால். அந்தக் கைதான் அன்று மரக்கட்டையாகத் தொங்கியது.

நித்யா படம் எடுத்தாள். எடுத்த கையோடு குடும்பத்து வாட்ஸப் குழுவில் போடப் போனாள். நான் பாய்ந்து போனைப் பிடுங்கினேன். அவள் பயந்துவிட்டாள். ஏன் என்று கேட்டாள். அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றாள்.

தெரியும்தான். ஆனால் அந்தக் குழுவில் என் அண்ணி இருக்கிறார். படத்தை அண்ணி பார்த்தால் அண்ணனுக்கும் காட்டுவார். நான் கேக் வெட்டுவதை அண்ணன் பார்ப்பார். இதை அந்தப் பெண்ணுக்கு எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல், அப்புறம் போடலாம் என்று சொல்லி எழுந்துபோனேன்.

2

நாங்கள் இருப்பது பாரிஸ் அல்ல. ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் ஒரு மாதா கோயில், ஒரு ரொட்டிக் கடை, ஒரு சின்ன ஆஸ்பத்திரி என்று இருக்கும் சிற்றூர் இது. கலாவின் தாத்தா புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வகையில் அவளுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை. அவளைக் கட்டிய வகையில் எனக்கும். பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். காகிதங்களில் என் பெயருக்குப் பின்னால் இருந்த அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அதனால் இருபது வருடமாக இங்கே நான் மிசியே கன்னியப்பன். என் அப்பாவின் பெயரில் வாழ்கிறேன்.

அந்தக் கன்னியப்பனின் மூத்த மகன் ஏழுமலை, என் அண்ணன், மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் குடும்பத்தில் பேச்சுக்காரர் அவர்தான். இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடிப் பாத்தியில் இருப்பவன் திரும்புவான். யாரைப் பற்றியும் ஒரு கதை வைத்திருப்பார். நான் ஊருக்குப் போன் போட்டால் முக்கால்வாசி நேரம் அவர்தான் பேசுவார். நான் சிரிப்பதோடு சரி.

போன வருடத்துக்கு முந்தின வருடம், சித்திரை வெயிலில், உப்பு வாரிக்கொண்டிருக்கும்போது பலகை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. ஏதோ சொன்னார், யாருக்கும் புரியவில்லை. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாயா ஏழுமலை என்று யாரோ கேலி செய்தார்களாம். அடுத்த பாத்தியில் உப்பு சுமந்துகொண்டிருந்த அண்ணி ஓடிவந்து, வெயில் மயக்கம் என்று நினைத்து, கொட்டகை நிழலில் படுக்க வைத்து மோர் கொடுத்தார். அண்ணனும் கையாட்டி, ஒன்றுமில்லை, கொஞ்சம் படுக்கிறேன் என்பதுபோலக் காட்டினார். படுத்தார். உச்சிக்கு மேல் அவரை எழுப்பி நிறுத்தப் பார்த்தபோது வலது கால் மடங்கிக்கொண்டது.

ஆட்டோவில் போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், பக்கவாதம், தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும், இங்கே அந்த மெஷின் இல்லை என்று. அவரே ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார். அடுத்த இடத்தில் ஸ்கேன் இருந்தது. அதைப் பார்த்து மேற்கொண்டு செய்யும் நரம்பு டாக்டர் இல்லை. பாண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பாண்டியில் எல்லாம் இருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். காலையில் என்றார் அண்ணி. அவர்கள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள். அதை அண்ணி இன்றும் நன்றியோடுதான் சொல்வார்.

எனக்குப் போன் வந்தபோது நான் பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு வெளியே வந்து அண்ணிக்கு ஆறுதல் சொன்னேன். நம் ஊர் ஒரு மூலையில் கிடக்கிறது அண்ணி, அவ்வளவு தூரத்துக்கு யார் என்ன செய்ய முடியும், தலையெழுத்து என்று சொன்னேன். சொல்லும்போது அது உண்மை என்றே நம்பினேன்.

அண்ணனுக்கு வலப்பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சில் மூன்று நான்கு வார்த்தைகள் மிஞ்சின. "ஆமா", "வேணா", "நட", அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை. அந்தக் கெட்ட வார்த்தை மட்டும் பழையபடி சுத்தமாக வரும்.

3

அடுத்த மார்ச்சில் எனக்கு வந்தது. ஒரே ரத்தம், ஒரே கொதிப்பு.

சனிக்கிழமை காலை. காபி டம்ளர் கை நழுவி விழுந்தது. குனிந்து துடைக்கப் போனேன், கீழேயே உட்கார்ந்துவிட்டேன். நித்யா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. விழுந்து கிடக்கிறேன், சிரிக்கச் சொல்கிறாளே என்று. அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாய் கோணியிருந்ததைப் பார்த்ததும் இங்கே ஆம்புலன்ஸுக்கான பதினைந்தாம் எண்ணுக்குப் போன் போட்டுவிட்டாள். தரையைத் துடைத்து முடிக்கும் முன் வண்டி வந்துவிட்டது என்று கலா இப்போதும் சொல்வாள்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கேயும் நரம்பு டாக்டர் கிடையாது. ஸ்கேன் எடுத்தார்கள். என் கட்டிலருகே ஒரு திரையை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு பெண் டாக்டர் தெரிந்தார். பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். பேசச் சொன்னார். நான் நல்ல பிரெஞ்சில் பதில் சொல்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து வந்ததெல்லாம் தமிழ்.

இவர் பேசுவது உங்கள் மொழிதானா, அதில் அர்த்தம் இருக்கிறதா என்று டாக்டர் நித்யாவைக் கேட்டிருக்கிறார். பாவம், அந்தப் பெண் திணறியிருக்கிறாள். அவளுக்கு என் தமிழ் எப்போதும் பாதிதான் புரியும். "தண்ணி தொறந்துட்டாங்களா, வரப்பு ஒடைஞ்சிடப் போவுது" என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குத் தெரிந்த வார்த்தை. இது நோயின் உளறலா, அல்லது தனக்குத்தான் தமிழ் போதவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அதை அப்படியே டாக்டரிடம் சொன்னாளாம். இங்கே அதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும் என்று டாக்டர் கேட்க, எங்கள் வீட்டில் வரப்பு கிடையாது என்றாளாம்.

ஊசி போடச் சொன்னார் டாக்டர். ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து. எங்கள் ஊர் நர்ஸ்தான் போட்டார். பிறகு வண்டியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பினார்கள். போகும் வழியிலேயே என் விரல்கள் அசைந்தன. வார்டில் ஒரு நர்ஸ் "மிசியே கன்னியப்பன்" என்று கூப்பிட்டபோது, செத்துப்போன அப்பா எங்கே இங்கே வந்தார் என்று கதவைப் பார்த்தேன். மிச்சமிருந்த குழப்பம் அவ்வளவுதான். அந்த வாரமே நடந்து வீட்டுக்கு வந்தேன்.

வருவதற்கு முன் அந்தப் பெண் டாக்டர் நேரில் வந்தார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இது வந்திருக்கிறதா என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். அவருக்கு என்ன சிகிச்சை செய்தார்கள் என்று கேட்டார். ஒன்றும் செய்ய முடியவில்லை, தாமதமாக வந்துவிட்டார் என்றேன். சரி என்று தலையாட்டினார். அண்ணன் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர்போல நான் சொல்லிவிட்டேன். டாக்டர் போன பிறகு ஜன்னல் வழியாக நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சிற்றூரிலிருந்து இந்த நகரம், மரக்காணத்திலிருந்து பாண்டியைவிடத் தூரம் என்பது அப்போதுதான் உறைத்தது. நானும் ஒரு மூலையில்தான் கிடந்தேன். என் மூலைக்கு ஒரு திரையை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணியிடம் தூரம் என்று சொன்னவன் நான்.

4

ஊருக்குச் சொல்லவில்லை. கலாவிடமும் நித்யாவிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். பயப்படுவார்கள் என்று காரணம் சொன்னேன், அது காரணமல்ல. ஒரே நோய், ஒருவன் எழுந்துவிட்டான், ஒருவன் கிடக்கிறான். எழுந்தவன் எந்த முகத்தோடு அதைச் சொல்வது?

கோடை விடுமுறைக்கு மூவரும் போனோம். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொல்லிச் சிரித்தார். பாதி முகம் சிரித்தது. அண்ணி காலையில் உப்பளத்துக்குப் போய்விட்டு வந்து அவருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்கிறார்.

இரண்டாம் நாள் மத்தியானம். அண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தார். நித்யா பக்கத்தில் குந்தி வேடிக்கை பார்த்தாள். பெரியப்பாவின் கையைப் பற்றி ரொம்ப நேரமாக யோசித்திருக்கிறாள் போலிருக்கிறது. "பெரியம்மா, பெரியப்பாக்கும் அந்த ஊசி குடுங்களேன். அப்பாக்கு குடுத்தாங்க, சரியாயிடுச்சு" என்றாள்.

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எந்த ஊசி தம்பி?"

சொல்ல வேண்டியதாயிற்று. டம்ளர் விழுந்ததிலிருந்து சொன்னேன். அண்ணன் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கலா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"அந்த ஊசி நம்ம நாட்டுல இருக்குதா?" என்றார் அண்ணி.

இல்லை என்று சொல்லிவிட்டிருக்கலாம். சொல்லியிருந்தால் அவருக்குத் தலையெழுத்தாவது மிஞ்சியிருக்கும். வாய் வரவில்லை. "இருக்குது அண்ணி. பாண்டியிலயே இருக்குது. ஆனா கொஞ்ச மணி நேரத்துக்குள்ள போட்டாதான். அதத் தாண்டிட்டா போடக் கூடாது, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும்."

"அப்போ அன்னைக்கும் இருந்துச்சு."

"இருந்துச்சு."

அண்ணி கையிலிருந்த மீனைச் சட்டியில் வைத்தார். "நான் மோர் குடுத்துனு உக்காந்திருந்தேன்" என்றார். அழவில்லை. யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் அவசர அவசரமாகப் பேசத் தொடங்கினேன். உடனே போயிருந்தாலும் முதல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இல்லை, இரண்டாவதில் டாக்டர் இல்லை, எப்படியும் நேரம் போயிருக்கும், உங்கள் மேல் தப்பில்லை என்று. அதற்குள் அண்ணன் இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினார். நாங்கள் திரும்பினோம். தன் மார்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "நா... நா..." என்றார். அன்று படுக்கிறேன் என்று காட்டியவன் நான்தான் என்கிறார். வார்த்தை வராமல் முகம் சிவந்தது. அண்ணி ஈரக் கையோடு ஓடிப்போய் அவர் மார்பைத் தடவிக்கொடுத்தார். "நீ சொன்னே, நான் ஏன் கேட்டேன்" என்றார்.

அண்ணனும் அண்ணியும் ஆளுக்கு ஆள் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக நித்யாவும் அழ ஆரம்பித்தாள், தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று.

அண்ணி அவளை அணைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "உங்க ஊர் ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் இல்லைன்னு சொன்னே. டிவி பொட்டியில பாத்தேதான் சொன்னாங்களா?"

"ஆமா அண்ணி."

"நம்ம ஊர்ல எல்லார் கையிலயும் போன் இருக்குதே தம்பி" என்றார்.

நம் ஊர்ப் பக்கமும் சில இடங்களில் திரை வழியாகப் பார்ப்பது வந்துகொண்டிருக்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். எந்த இடம், எப்போது என்று எனக்குத் தெரியாது. என் அண்ணன் கிடக்கும் ஊரைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

5

மறுநாள் விடியும்போது அண்ணி என்னையும் உப்பளத்துக்குக் கூப்பிட்டார். எப்படிக் கண்டுபிடிப்பது என்று அங்கே வேலை செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். போனேன். தலையில் சும்மாடோடு பெண்கள் வரப்பில் நின்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதற்கண் தென்படும் அறிகுறிகள் யாதெனில் என்று ஆரம்பித்தேன். இருபது வருடம் தமிழ்ச் சங்க மேடையில் மட்டுமே நாலு பேர் முன்னால் தமிழ் பேசியவனுக்கு அப்படித்தான் வந்தது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணி என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரே சொன்னார்.

"வாய் ஒரு பக்கம் கோணினா, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லி ஒண்ணு எறங்கினா, பேச்சு குழறினா, படுக்க வெக்காதீங்க. மோரும் வேணா, சோடாவும் வேணா. மணி என்னன்னு பாத்துக்கோங்க. நூத்தியெட்டுக்குப் போன் போட்டு, ஸ்கேனும் ஊசியும் எங்க இருக்குதோ அங்க நேரா போன்னு சொல்லுங்க. நான் படுக்க வெச்சேன். நீங்க வெக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எந்தக் கொட்டகையைப் பார்த்தபடி சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பாத்தித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

6

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணி போன் செய்தார். வழக்கமாக நான்தான் செய்வேன்.

அவரோடு உப்பு சுமக்கும் பச்சையம்மாள் என்றொரு பெண்மணிக்குப் போன மாதம் வேலை நடுவில் வாய் கோணியிருக்கிறது. அண்ணி கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். உப்பு ஏற்ற வந்திருந்த வேனை நிறுத்தி, அந்த அம்மாளை ஏற்றி, 108 வரும் வழியிலேயே எதிர்கொண்டு மாற்றி, கூடவே ஏறிக்கொண்டார். டிரைவர் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் திருப்பப் போனபோது, வேண்டாம், நேராகப் பாண்டிக்கு விடு, என் மேல் போட்டுக்கொள்கிறேன் என்று சண்டை பிடித்திருக்கிறார். டிரைவர் யாரிடமோ போனில் கேட்டுவிட்டுப் பாண்டிக்கே ஓட்டினாராம். அங்கே இறங்கியதும், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டபோது அண்ணி மணியைச் சொன்னார். ஊசி போட்டார்கள்.

"நடக்கறாங்களா அண்ணி?"

"நடக்குது. வாய் மட்டும் லேசா இழுக்குது, சிரிச்சாதான் தெரியும்."

நீங்கள் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று என்னென்னவோ சொன்னேன்.

"நேத்து அந்தம்மாவும் அவங்க வூட்டுக்காரரும் வூட்டுக்கு வந்தாங்க தம்பி" என்றார் அண்ணி. "பழமெல்லாம் வாங்கினு வந்தாங்க. அவரு என் கால்ல வுழப் போனாரு. எனக்கு ரொம்ப வெக்கமா போச்சு. உங்க அண்ணன் கட்டில்ல உக்காந்து பாத்துனு இருக்காரு. சீக்கிரம் அனுப்பிடலாம்னு பாத்தேன்."

"அண்ணன் என்ன செஞ்சாரு?"

"அந்தம்மாவக் கைகாட்டி, நடன்னாரு. அதுக்கு ஒண்ணும் புரியல, என்னைப் பாக்குது. மறுபடி நடன்னாரு. எழுந்து வாசப்படி வரைக்கும் போய்ட்டு வந்துது. போதும் உக்காரும்மான்னு நான் சொல்றேன், இவரு விடல. இன்னொரு வாட்டி நடக்க வெச்சிப் பாத்தாரு தம்பி."